கட்டிலுக்கடியில் கிடக்கும் நாயை எப்போது, யார் கையில் கொடுப்பது?

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்டது இது. பாளையங்கோட்டையில் வாடகை வீடு. நாற்கரச் சாலையோரம் ஒடுங்கிக் கிடந்த பெண் நாயைத் தூக்கி வந்து 3 வாரம் ஆகிறது. சிப்பிப்பாறை வேட்டை நாயின் ஜாடை, ஒன்றரை அல்லது இரண்டு வயது, 12 கிலோ. பகல் முழுக்கக் கட்டிலுக்கடியில் கிடக்கிறது. வாரியலை (துடைப்பத்தை) கையில் எடுத்தால் நின்ற இடத்திலேயே மூத்திரம் போகிறது. போன வாரம் கட்டிலுக்கடியில் குனிந்து பார்த்த உங்கள் 7 வயதுப் பையனைப் பார்த்து உறுமியிருக்கிறது. "பயம் தெளிய எத்தனை நாளாகும், தெளிந்த பிறகு யாருக்காவது கொடுத்துவிடலாமா" என்று கேட்டிருக்கிறீர்கள். கூடவே, புதுப் பெயர் வைக்கலாமா என்று ஒரு வரி. எழுதியிருக்கும் தோரணையைப் பார்த்தால் உள்ளே வேறு இரண்டு கேள்விகள் இருக்கின்றன: இது என் பிள்ளையைக் கடித்துவிடுமா? கடிக்கும் முன்னே இன்னொருவர் தலையில் கட்டினால் பாவமா?

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். பயம் முழுசாகத் தெளிந்த பிறகுதான் கொடுப்பேன் என்று இருந்தால் சில நாய்களைக் கடைசிவரை கொடுக்க முடியாது. இந்த நாய் எதற்குப் பயப்படும், பயந்தால் என்ன செய்யும், எத்தனை நிமிடத்தில் தெளியும் என்ற மூன்றையும் நீங்கள் முன்கூட்டியே சொல்ல முடிகிற நாள் வந்தால், அது கை மாறலாம். தற்காலிகமாக வைத்திருப்பவரின் வேலை அந்த நாளைக் கொண்டுவருவது. நாயைச் "சரிபண்ணுவது" அதற்குப் பிறகும், இன்னொரு வீட்டில், மாதக்கணக்கில் நடக்கிற காரியம்.

யாரோ வாரியலால் அடித்திருக்கிறார்கள் என்று முடிவு கட்டிவிட்டீர்கள். இருக்கலாம். ஆனால் நாயைப் பார்த்து அதை நிச்சயமாகச் சொல்ல முடியாது. நாய்க்குட்டி 3 வாரத்திலிருந்து ஏறத்தாழ 12, 14 வாரம் வரை எதையெல்லாம் பார்க்கிறதோ, கேட்கிறதோ, அதெல்லாம் உலகத்தில் சாதாரணம் என்று அதன் மனதில் பதியும். அந்த வயதில் வாரியலும் குக்கர் விசிலும் மிக்சிச் சத்தமும் அறியாமல் ஒரு கொட்டிலில் கட்டிக் கிடந்த நாய், ஒரு அடிகூட வாங்காமலே வாரியலுக்கு நடுங்கும். அடி வாங்கிய நாயும் நடுங்கும். வெளியே தெரிவது இரண்டிலும் ஒன்றே. பெரும்பாலும் காண்கிற வித்தியாசம் ஒன்று உண்டு: பயம் குறிப்பிட்ட ஒன்றிரண்டின் மேல் மட்டும் இருந்தால் (லுங்கி கட்டிய ஆம்பிளை, கம்பு, பைக்) ஏதோ நடந்திருக்கிறது என்று ஊகிக்கலாம், அது தெளியவும் வாய்ப்பு அதிகம். புதிதாக எது வந்தாலும் பயம் என்றால் குட்டிப் பருவத்தில் பழக்கமில்லாத நாய். அது மெதுவாகத்தான் நகரும், ஓரளவோடு நின்றுவிடவும் செய்யும். உங்கள் வீட்டில் எது என்று அடுத்த 2 வாரம் கவனித்தால் தெரியும். "முதல் 3 நாள், 3 வாரம், 3 மாதம்" என்று ஒரு கணக்குச் சொல்வார்கள். மிரட்சி அடங்க 3 நாள், வீட்டு ஒழுங்கு பிடிபட 3 வாரம், இது என் வீடு என்று தோன்ற 3 மாதம். பொறுமைக்காகச் சொன்ன கணக்கு அது. உங்கள் நாய் 3 வாரத்தில் இன்னும் கட்டிலுக்கடியில் இருப்பது கெட்ட சகுனம் ஒன்றுமில்லை.

பழக்கத்துக்கு முன் வைத்தியம். நான் கால்நடை மருத்துவர் இல்லை. இந்த வகை நாய்களைப் பழக்குவதும் வீடு சேர்ப்பதும்தான் எனக்குத் தெரிந்த வேலை. அதனால் இந்தப் பத்தியில் சொல்வதை மருத்துவரிடம் கேட்கவேண்டிய பட்டியலாக எடுத்துக்கொள்ளுங்கள். வலி இருக்கிற நாயைப் பழக்க முடியாது. சாலையோரம் கிடந்தது என்றால் வண்டி இடித்து இடுப்பெலும்பில் விரிசல் இருக்கலாம். காதுக்குள் சீழ் இருக்கலாம். தொட்டால் உறுமுவதற்கு அதுவே போதும். ஈறு வெளுத்திருந்தால், மூக்கில் ரத்தம் கசிந்தால், சும்மா சுணங்கிக் கிடந்தால் உண்ணிக் காய்ச்சலாக இருக்கலாம். ரத்தப் பரிசோதனையில் தட்டணுக்கள் குறைந்திருப்பது அதைக் காட்டிக்கொடுக்கும். தெருவில் திரிந்த பெண் நாய்க்குப் பிறப்புறுப்பில் சொட்டுச் சொட்டாக ரத்தம் வந்தால் பருவம் என்று விட்டுவிடாதீர்கள். நாய்க்கு நாய் தொற்றுகிற ஒரு வகைக் கட்டி உண்டு. வாரம் ஒரு ஊசி வீதம் சில வாரம் போட்டால் பெரும்பாலும் கரைந்துவிடும். காது நுனியில் ஒரு வெட்டு இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் ஏற்கெனவே கருத்தடை செய்து விடப்பட்ட நாய், அதன் தெரு எங்கோ இருக்கிறது. எக்ஸ்ரே, ரத்தம் என்று எல்லாவற்றையும் ஓரிடத்தில் பார்க்க இராமையன்பட்டி கால்நடை மருத்துவக் கல்லூரிக்குக் கொண்டுபோகலாம். ஆனால் ஆள் கூட்டமும் மற்ற நாய்களும் இருக்கும். வண்டியிலேயே நாயை வைத்துக்கொண்டு முறை வந்ததும் உள்ளே கூட்டிப்போங்கள்.

வெறிநோயில் "இருக்கலாம்", "பார்க்கலாம்" கிடையாது. தடுப்பூசி போட்டிருக்கிறதா என்று தெரியாத நாயின் பல்லோ நகமோ பட்டுத் தோல் கீறினால், ரத்தம் தெரியாவிட்டாலும், ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவிவிட்டு அன்றைக்கே அரசு மருத்துவமனைக்குப் போகவேண்டும். அங்கே தோலுக்குள் போடும் ஊசி என்றால் 0, 3, 7, 28 ஆம் நாள். தசையில் போடுவது என்றால் இடையில் 14 ஆம் நாளும் உண்டு. ரத்தம் வந்த காயம் என்றால் காயத்தைச் சுற்றியே போடும் இம்யூனோகுளோபுலின் என்ற எதிர்ப்புச் சக்தி மருந்து தனி. அது வேண்டுமா என்று நீங்களே கேளுங்கள். நாயை 10 நாள் கவனித்துவிட்டு ஊசி போட்டுக்கொள்ளலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள்; கவனிப்பதும் ஊசியும் ஒரே நாளில் தொடங்கவேண்டியவை. மஞ்சள் அரைத்துப் பூசுவது, சுண்ணாம்பு வைப்பது எல்லாம் காயத்தைக் கழுவவேண்டிய நேரத்தைத் தின்றுவிடும். நாய்க்கு வெறிநோய்த் தடுப்பூசி இன்னும் போடவில்லை என்றால் இந்த வாரமே போடுங்கள். அடிக்கடி நாய் எடுத்து வளர்க்கிற எண்ணமிருந்தால் வீட்டார் முன்கூட்டியே 0, 7, பிறகு 21 அல்லது 28 ஆம் நாள் என்று 3 ஊசி போட்டுக்கொள்ளலாம். அதன்பின் கடி பட்டால் 0, 3 என்று 2 ஊசியோடு முடியும்.

இனி பையன். உறுமினதற்காக நாயை அதட்டினீர்களா என்று நீங்கள் எழுதவில்லை. அதட்டியிருந்தால் இதோடு நிறுத்துங்கள். நாய் கடிப்பதற்கு முன் படிப்படியாகச் சொல்லிப் பார்க்கும்: முகத்தைத் திருப்பும், பசி இல்லாமலே உதட்டை நக்கும், தூக்கம் வராமலே கொட்டாவி விடும், கண்ணின் வெள்ளை பிறை போலத் தெரியும், உடம்பு அப்படியே விறைத்து நிற்கும், பிறகு உறுமும், பிறகுதான் பல். உறுமலுக்கு அடி விழுந்தால் நாய் உறுமுவதை விட்டுவிடும், பயத்தை விடாது. அடுத்த முறை சொல்லாமல் கடிக்கும். "எந்தச் சத்தமும் இல்லாம திடீர்னு கடிச்சிட்டு" என்று சொல்லப்படுகிற கதைகளில் பலவற்றில் இதுதான் நடந்திருக்கும். உங்கள் பையனிடம் அது உறுமியது என்றால், பேச்சுவார்த்தைக்கு இன்னும் இடம் இருக்கிறது என்று பொருள். பையனுக்கு மூன்றே சட்டம்: நாய் அதன் மூலையில் இருக்கும்போது கிட்டே போகக்கூடாது, அது சாப்பிடும்போதும் தூங்கும்போதும் அந்தப் பக்கமே போகக்கூடாது, பெரியவர் இல்லாத அறையில் நாயோடு இருக்கக்கூடாது. 7 வயதுப் பிள்ளை சட்டத்தை மறக்கும். ஆகவே சட்டத்தை நம்பாமல் நடையில் ஒரு தடுப்பு வையுங்கள். பழைய கட்டில் சட்டமோ, இரும்பு வலையடித்த கதவோ, 4 அடி உயரம் இருந்தால் வீட்டுக்குள் போதும்.

கட்டிலுக்கடி அதற்குப் பிடித்த இடம் என்று நினைக்கவேண்டாம். வேறு நல்ல இடம் கிடைக்கவில்லை, அவ்வளவுதான். அதுவும் அந்தக் கட்டிலில் பையன் படுக்கிறான் என்றால் மோதல் நிச்சயம். ஆள் நடமாட்டம் குறைந்த மூலையில், பட்டாசலின் (கூடத்தின்) ஓரத்திலோ புறவாசல் பக்கத்து அறையிலோ, ஒரு மேசையைச் சுவரோடு ஒட்டிப் போட்டு மேலே பழைய சேலையை மூன்று பக்கமும் தொங்கவிடுங்கள். உள்ளே நீங்கள் உடுத்திக் கழற்றிய, துவைக்காத துணி ஒன்று. தண்ணீரும் சோறும் அதன் வாசலில். இப்போது சோற்றுத் தட்டு கட்டிலுக்கடியில் இருக்கிறதென்றால் தினம் ஒரு முழம் வீதம் புது இடத்தை நோக்கி நகர்த்துங்கள். காலைப் பிடித்து இழுக்காதீர்கள், வாரியலை விட்டுத் துழாவாதீர்கள். நாய் புது மூலைக்குப் போய் 2 நாள் படுத்த பிறகு, கட்டிலுக்கடியைப் பெட்டி வைத்து அடைத்துவிடுங்கள். அந்த மேசைக்கடியில் இருக்கும்போது அதை யாரும் தொடுவதில்லை, அழைப்பதில்லை, மருந்துகூடக் கொடுப்பதில்லை. இது ஒன்றை வீட்டார் அத்தனை பேரும் கடைப்பிடித்தாலே பாதி வேலை முடிந்தது.

பழக்கப்படுத்தும்போது எல்லோரும் செய்கிற தவறு, கையில் கோழித்துண்டை வைத்துக்கொண்டு "வா வா" என்று கூப்பிடுவது. பசியில் நாய் தனக்குத் துணிச்சல் இருக்கிற தூரத்தைத் தாண்டி வந்து எடுத்துவிடும். எடுத்து முடிந்ததும், இவ்வளவு கிட்டே வந்துவிட்டோமே என்று அப்போதுதான் அதற்கு உறைக்கும். அந்த நொடியில் நீங்கள் கையை அசைத்தால் கடி. தலைகீழாகச் செய்யுங்கள். பக்கவாட்டாக உட்காருங்கள், நேருக்கு நேர் பார்க்கவேண்டாம், துண்டை நாய்க்குப் பின்பக்கம் எறியுங்கள். அது விலகிப் போய்த் தின்னும், பிறகு தானாக ஒரு அடி முன்னே வரும். மறுபடி பின்னால் எறியுங்கள். ஒரு நேரத்துக்கு 8, 10 துண்டு, ஒவ்வொன்றும் ஒரு கடலை அளவு, நாளுக்கு 3 வேளை. விலகிப் போகவும் சம்பளம் கிடைக்கிறது என்று தெரிந்த நாய்க்குக் கிட்டே வரப் பயமிருக்காது. தொடுவது அதற்குப் பிறகு: நாயே வந்து மோந்தால் மார்புப் பக்கமோ தோளோ, 3 நொடி தடவிவிட்டுக் கையை எடுத்துவிடுங்கள். இன்னும் வேண்டுமென்றால் சாய்ந்து வரும். உதறிக்கொண்டு போனால் அன்றைக்கு அவ்வளவே. தலைக்கு மேலே கையைக் கொண்டுபோவதை மறந்துவிடுங்கள்.

வாரியலுக்கு இரண்டு வழி. சுலபமான வழி, நாய் வேறு அறையில் கதவுக்குப் பின்னால் இருக்கும்போது வீடு கூட்டுவது. இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை, எல்லாப் பயத்தையும் தீர்த்தே ஆகவேண்டும் என்று எங்கும் எழுதியில்லை. தீர்க்கத்தான் வேண்டும் என்றால், ஒருவர் 15 அடி தள்ளி வாரியலைத் தரையில் படுக்கப் போடட்டும். நாய் அதைப் பார்த்த பிறகு கோழித்துண்டு விழவேண்டும். வாரியலை எடுத்துப்போனதும் துண்டும் நின்றுவிட வேண்டும். இந்த வரிசை மாறக்கூடாது. முதலில் துண்டு, பிறகு வாரியல் என்று செய்தால், "துண்டு வந்தால் வாரியல் வரப்போகிறது" என்று கற்றுக்கொண்டு தீனிக்கே பயப்படும். ஒரு தடவைக்கு 5 முறை. நாய் தின்ன மறுத்தால் தூரம் போதவில்லை, 20 அடிக்குப் போங்கள். 3 நாள் தொடர்ந்து வாரியலைக் கண்டதும் உங்கள் முகத்தை "துண்டு எங்கே" என்று பார்த்தால் 2 அடி குறைக்கலாம். படுத்த வாரியலுக்கு அடுத்து நிற்கும் வாரியல், அதற்கடுத்து அசையும் வாரியல், கடைசியில்தான் கூட்டுவது. ஒவ்வொரு புது நிலையிலும் மறுபடி 15 அடி. மூத்திரம் போனால் ஒன்றும் பேசாமல் துடைத்துவிடுங்கள். அது அடங்கிப்போகிறேன் என்று சொல்கிற மொழி. திட்டினால் இன்னும் கொஞ்சம் போகும்.

வெளியே கூட்டிப்போவதில் அவசரம் வேண்டாம். மீட்ட நாய்கள் தொலைவது பெரும்பாலும் முதல் சில வாரத்தில்தான். சிப்பிப்பாறை ஜாடை என்று சொன்னீர்கள். அந்த வகைக்குக் கழுத்தும் தலையும் ஏறக்குறைய ஒரே பருமன். சாதாரணப் பட்டையைப் போட்டால் பின்னோக்கி ஒரு இழுப்பில் கழன்றுவிடும், பிறகு உங்களால் ஓடிப் பிடிக்க முடியாது. இழுத்தால் கொஞ்சம் இறுகும் அகலப்பட்டை ஒன்று, மார்போடு மாட்டும் பட்டை ஒன்று, இரண்டிலும் தனித்தனிக் கயிறு. வயிற்றில் இரண்டாம் வார் உள்ள மார்புப்பட்டை கிடைத்தால் அதுதான் நல்லது. முதலில் வீட்டுக்குள், பிறகு காம்பவுண்டுக்குள், பிறகு விடியுமுன் 5 மணிக்கு ஆளில்லாத தெருவில் 10 நிமிடம். கோடையில் 8 மணிக்கு மேல் தார் ரோடு சுடும். புறங்கையை 7 நொடி வைக்க முடியாத ரோட்டில் நாயை நடத்தாதீர்கள். தெருநாய்க் கூட்டம் இருக்கிற முடுக்கு எது என்று நாய் இல்லாமல் முதலில் நீங்கள் நடந்து பார்த்து வையுங்கள். மீறி ஓடிவிட்டால் கூட்டமாகத் துரத்தக்கூடாது. கடைசியாகப் பார்த்த இடத்தில் அதன் துணியையும் சோற்றையும் வைத்து, இரவு ஊர் அடங்கினபின் ஒரே ஆள் போய் உட்கார்ந்திருக்கவேண்டும்.

வாய்ப்பூட்டு ஒன்று பழக்குங்கள். கடிக்கும் என்பதற்காக மட்டுமில்லை, மருத்துவரிடம் அமைதியாக முடியும் என்பதற்காகவும். கூடை மாதிரி இருப்பதுதான் வேண்டும். வாயைச் சேர்த்துக் கட்டும் துணிப்பட்டையில் நாய் நாக்கைத் தொங்கவிட்டு இளைக்க முடியாது, நம் ஊர் வெயிலில் அது உயிருக்கே ஆபத்து. கூடைக்குள் தயிர் தடவி நாயே மூக்கை விடட்டும். வாரை மாட்டுவது ஒரு வாரம் கழித்து.

சாப்பாட்டைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் ஒன்றிரண்டு. 12 கிலோ நாய்க்குச் சும்மா கிடக்கவே ஏறத்தாழ 430 கலோரி வேண்டும் (எடையை 30 ஆல் பெருக்கி 70 ஐக் கூட்டினால் வரும் கணக்கு). சாதாரண நடமாட்டத்துக்கு 650, 700. வடித்த சோறு 250 கிராம், எலும்பில்லாத வேகவைத்த கோழி 150 கிராம், ஒரு முட்டை என்றால் கிட்டத்தட்ட வந்துவிடும். மாதக்கணக்கில் இதையே கொடுத்தால் சுண்ணாம்புச் சத்து போதாது, அதை மருத்துவரிடம் கேட்டுச் சேர்க்கவேண்டும். இதைப் படிக்கிற வேறு யாராவது எலும்பும் தோலுமான நாயை இன்றைக்குத்தான் எடுத்து வந்திருந்தால், வயிறு முட்டப் போடாதீர்கள். நாள்பட்ட பட்டினிக்குப் பின் திடீரென்று நிறையத் தின்றால் ரத்தத்தில் உப்புச் சத்துகள் சரிந்து செத்துப்போகலாம். முதல் நாள் அந்தக் கணக்கில் கால் பங்கு, அதையும் 5, 6 வேளையாகப் பிரித்து. முழு அளவுக்கு வர 4, 5 நாள். நம் வீட்டு மிச்சத்தில் பெரிய ஆபத்து சின்ன வெங்காயம். புளிக்குழம்பு, சொதி எதை ஊற்றினாலும் அதில் வெங்காயமும் பூண்டும் இருக்கும். இரண்டும் நாயின் ரத்தச் சிவப்பணுவை உடைக்கும். பாயசத்து உலர்திராட்சை சிறுநீரகத்துக்கு ஆகாது. வேகவைத்த கோழி எலும்பு சிம்பு சிம்பாக உடைந்து குடலைக் கிழிக்கும். காய்ச்சல் என்று நாமே பாராசிட்டமால் கொடுப்பதும் விஷம்தான்.

அடுத்தது சத்தம். எல்லா ஊரிலும் தீபாவளி ஒன்றுதான் நாய்க்குக் கண்டம். நம் பக்கத்தில் சித்திரையில் தொடங்கி ஆவணி வரை ஏதாவது ஒரு ஊரில் கோயில் கொடை விழா இருந்துகொண்டே இருக்கும். நடுச்சாமத்தில் மேளம், ஒலிபெருக்கி, வேட்டு. டவுன் பக்கம் என்றால் நெல்லையப்பர் கோயில் ஆனித் தேரோட்டம் வேறு. உங்கள் தெருக் கோயில் கொடை எந்தச் செவ்வாய், வெள்ளி என்று இப்போதே விசாரித்துக் காலண்டரில் எழுதிவையுங்கள். அன்றைக்கு சன்னல் இல்லாத உள்ளறை, தரையில் நிற்கும் மின்விசிறி முழு வேகத்தில், சாயங்காலம் 5 மணிக்குள் வெளிவேலை முடித்துப் பூட்டிய கதவு. நாய் வந்து ஒட்டிக்கொண்டால் அணைத்துக்கொள்ளுங்கள். பயந்த நாயைத் தேற்றினால் பயம் கூடும் என்பது தப்பான நம்பிக்கை. பயம் ஒரு உணர்ச்சி, சம்பளம் கொடுத்து வளர்க்கிற வித்தை இல்லை. சோறு தண்ணீர் இறங்காத அளவுக்குப் பயம் என்றால் ஒரு மாதம் முன்பே மருத்துவரிடம் மாத்திரை கேளுங்கள். கொடுக்கிற மாத்திரையை ஒரு அமைதியான நாளில் ஒருமுறை கொடுத்துப் பார்த்துவிட வேண்டும். அசெப்ரோமசின் மட்டும் எழுதிக்கொடுத்தால் வேறு உண்டா என்று மரியாதையாகக் கேளுங்கள். அது உடம்பைக் கட்டிப்போடும், பயத்தைத் தொடாது. அசைய முடியாமல் கிடந்து வேட்டைக் கேட்டுக்கொண்டிருக்கும் நாய் அடுத்த வருஷம் இன்னும் மோசமாகும். தினசரி மாத்திரையாக ஃப்ளூவாக்சிடின் மாதிரி ஒன்றைத் தொடங்கினால் பலன் தெரிய 4 முதல் 6 வாரம் ஆகும். பத்து நாளில் கேட்கவில்லை என்று நிறுத்துவது வீண்.

இத்தனையும் செய்துகொண்டே ஒரு நோட்டுப் போடுங்கள். தேதி, எதைக் கண்டு பயந்தது, எவ்வளவு தூரத்தில், என்ன செய்தது, பிறகு எத்தனை நிமிடத்தில் தீனி எடுத்தது. கடைசி எண்தான் முக்கியம். பயப்படுகிற தடவைகள் குறையாமல் இருக்கலாம். ஆனால் வாரியலைப் பார்த்துவிட்டு முதலில் 40 நிமிடம் கழித்துத் தின்ற நாய் 5 நிமிடத்தில் தின்கிறது என்றால் உள்ளே ஏதோ ஆறிக்கொண்டிருக்கிறது. ஒரே நாளில் ஊசி, குளியல், விருந்தாளி என்று மூன்று சேர்ந்தால் நான்காவதாக வருகிற சின்னச் சத்தத்துக்குக்கூடக் கடிக்கும். நோட்டில் பார்த்தால்தான் அது புரியும், இல்லையென்றால் "காரணமில்லாமல் கடித்தது" என்று ஆகிவிடும். வீட்டில் குறைந்தது இரண்டு பேரிடம் கயிறு மாட்ட விடுகிறது, நீங்கள் அறையில் இருக்கும்போது தின்கிறது, மூலையை விட்டு வந்து வெளியே படுக்கிறது, சாதாரணப் பயத்திலிருந்து 10 நிமிடத்துக்குள் மீள்கிறது, வாய்ப்பூட்டு மாட்டி மருத்துவரிடம் காட்ட முடிகிறது. இவ்வளவு வந்தால் வீடு தேடத் தொடங்கலாம். வாலாட்டிக்கொண்டு எல்லோரிடமும் போகும்வரை காத்திருக்கவேண்டியதில்லை.

வீடு தேடும்போது முதலில் வருகிற பேச்சு, "தோட்டத்துல விட்ருங்க, ஓடியாடித் திரியும்." இந்த நாய்க்கு அதைச் செய்யாதீர்கள். பயந்த நாய்க்குத் திறந்த வாழைத்தோட்டம் சுதந்திரம் இல்லை. முதல் வேட்டுச் சத்தத்தில் வேலி தாண்டிப்போகும், தேட ஆளிருக்காது. பன்றிக்கு வைத்த கண்ணியும் மின்வேலியும் வயலுக்கு அடித்த மருந்தும் இருக்கும். பாபநாசம், மணிமுத்தாறு, கடையம் மாதிரி மலையடிவாரம் என்றால் இரவில் வெளியே கட்டிய நாய் சிறுத்தைக்குச் சோறு. இரண்டாவது, வேட்டை நாய் ஜாடை என்பதால் முயல் பிடிக்கக் கேட்டு வருவார்கள். அது 1972 ஆம் ஆண்டு வனவிலங்குச் சட்டப்படி குற்றம், தவிர ஆடு கோழியைக் கண்டால் துரத்துகிற சுபாவத்தை இன்னும் கிளறிவிடும். குட்டி போட வைத்து விற்கலாம் என்று எடுக்கிறவர்களும் உண்டு. ஆகவே கருத்தடை செய்யாமல் கொடுக்கக்கூடாது.

கேட்டு வருகிறவரிடம் "நாய் பிடிக்குமா" என்று கேட்பதில் பயனில்லை, எல்லோரும் பிடிக்கும் என்பார்கள். வீட்டுக்காரர் சம்மதம் எழுத்தில் இருக்கிறதா? காம்பவுண்டுச் சுவர் 6 அடி இருக்கிறதா, வாசல் கதவுக்கடியில் எத்தனை இடைவெளி? வீட்டிலிருக்கும் ஆச்சிக்கு இதில் விருப்பமா? பகலில் எத்தனை மணி நேரம் தனியாக இருக்கும்? குடும்பத்தோடு ஊருக்குப் போனால் யாரிடம்? இதற்குமுன் வளர்த்த நாய் என்ன ஆயிற்று? இந்தக் கடைசிக் கேள்விக்கு வருகிற பதிலை நான் மற்ற எல்லாவற்றுக்கும் மேலாக வைப்பேன். சிறுபிள்ளைகள் இல்லாத, சத்தம் குறைந்த, பழக்கமான அமைதி நாய் ஒன்று ஏற்கெனவே இருக்கிற வீடு உங்கள் நாய்க்குப் பொருந்தும். உறுமியதை, எங்கே எப்போது என்று சொல்லிவிடுங்கள். பயந்து யாரும் எடுக்கமாட்டார்கள் என்று மறைத்தால் ஒரு மாதத்தில் நாய் திரும்பி வரும், அல்லது வராமல் நாற்கரச் சாலைக்கே போகும். நீங்கள் பாவமா என்று கேட்டதற்கு என்னால் சொல்ல முடிந்த பதில் இது மட்டும்.

ஒரே நாளில் கை மாற்றவேண்டாம். முதல் சந்திப்பு உங்கள் வீட்டு வாசலில், வந்தவர் நாயைப் பார்க்காமல் துண்டை எறிந்துவிட்டுப் போகட்டும். இரண்டாவது, சேர்ந்து ஒரு நடை. மூன்றாவது, அவர் வீட்டில் ஒரு மணி நேரம், நீங்களும் கூட. பிறகு 2 வாரம் சோதனைக் காலம் என்று பேசி அனுப்புங்கள். துவைக்காத துணி, அதே தட்டு, ஒரு வாரத்துக்கு அதே சாப்பாடு, தடுப்பூசிச் சீட்டு, நோட்டின் நகல். தாளில் இருவரும் கையெழுத்துப் போடுங்கள்: வைத்துக்கொள்ள முடியாவிட்டால் என்னிடம்தான் திரும்பத் தரவேண்டும், வேறு யாருக்கும் கொடுக்கக்கூடாது. புது வீட்டில் நாய் மறுபடி கட்டிலுக்கடியில் போய்ப் படுக்கும். உங்களிடம் முதல் வாரம் எப்படி இருந்ததோ அப்படியே. இதை முன்கூட்டிச் சொல்லிவைக்காவிட்டால் மூன்றாம் நாளே போன் வரும். 1, 3, 7, 30, 90 ஆம் நாளில் நீங்களே கூப்பிட்டுக் கேளுங்கள். கொடை வாரத்திலோ, தீபாவளிக்கு முந்தின வாரத்திலோ, அவர்கள் வீட்டில் கல்யாணம் வைத்திருக்கும்போதோ அனுப்பாதீர்கள்.

எழுத்தில் படித்து ஒரு நாயைப் பற்றி இவ்வளவுதான் சொல்ல முடியும். 3 மாதம் ஒழுங்காகச் செய்தும், மருந்தும் கொடுத்தும், நோட்டில் அந்த நிமிடக் கணக்கு இறங்கவே இல்லை என்றால், அல்லது எச்சரிக்கை இல்லாமல் ஆழமாகக் கடிக்கத் தொடங்கினால், நேரில் பார்க்கும் மருத்துவரோடு உட்கார்ந்து பேசவேண்டிய நிலை அது. அப்படிப்பட்ட நாயை வேறு வீட்டுக்கு அனுப்பக்கூடாது. தெருவிலேயே பிறந்து வளர்ந்து மனிதரோடு பழகாத நாய் என்றால் கருத்தடையும் தடுப்பூசியும் போட்டு அதே தெருவில் விடுவது வீட்டில் அடைப்பதைவிட நல்லது என்று சொல்லியிருப்பேன். 2023 ஆம் ஆண்டு நாய் கருத்தடை விதிகளின் அடிப்படையும் அதுதான். ஆனால் காதில் வெட்டு இல்லையென்றால், நாற்கரச் சாலையில் ஒடுங்கிக் கிடந்த உங்கள் நாய்க்குத் தெரு என்று ஒன்று இருந்ததாகத் தெரியவில்லை. யாரோ இறக்கிவிட்டுப் போன நாய் போலத்தான் இருக்கிறது. அதனால் அந்த வழி இதற்கு இல்லை.

பெயர் விஷயம். தாராளமாக வைக்கலாம். பழைய பெயர் என்னவென்று நமக்குத் தெரியாது, அந்தப் பெயரில்தான் அதட்டு வாங்கியதோ என்னவோ. இரண்டு அசையில், வீட்டில் யார் பெயரோடும் குழம்பாததாக ஒன்றைத் தேர்ந்து, பெயர் சொன்னதும் ஒரு துண்டு, நாளுக்கு 20 முறை, ஒரு வாரம். கண்டிக்கும்போது அந்தப் பெயரைச் சொல்லக்கூடாது என்று பையனிடம் மட்டும் சொல்லிவையுங்கள். எடுக்கப்போகிறவர்கள் வேறு பெயர் வைத்தால் வருத்தப்படவேண்டாம், இன்னொரு வாரமும் இன்னும் கொஞ்சம் கோழியும்தான் செலவு.